பம்புசெட் இன்ஜினைப் பழைய கோ-கார்ட்டில் பூட்ட முடியுமா?

தோப்புக்காரன், பொள்ளாச்சி:

மூடிப்போன ஒரு வாடகைத் தடத்திலிருந்து பழைய கோ-கார்ட் (தரையை ஒட்டி ஓடும் சின்ன ரேஸ் வண்டி) ஒன்றை வாங்கினேன். "ஆயில் மாற்றினால் ஓடிவிடும்" என்றார் விற்றவர். ஆயில் இருந்தால்தானே மாற்றுவதற்கு? அளவுகுச்சி ஈரமே இல்லாமல் வெளியே வந்தது. கயிற்றைப் பாதி இழுத்ததும் டங்கென்று நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால், பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்ட்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு இரண்டு துண்டு. அதைச் சுற்றியுள்ள கூடான கிராங்க் கேஸில் ஐந்து ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு ஓட்டை. இன்ஜின் ஹோண்டா ஜிஎக்ஸ்160, 163 சிசி.

அதே ஜிஎக்ஸ்160 பூட்டிய பெட்ரோல் பம்பு ஒன்று மாமாவின் தோப்பில் நான்கு ஆண்டுகளாகச் சும்மா கிடந்தது. கேட்டேன். "எடுத்துக்கொண்டு போ மாப்பிள்ளை, அந்த இடத்தில் மட்டையாவது அடுக்கலாம்" என்றார். கார்புரேட்டரைக் கழுவியதும் மூன்றாவது இழுப்பில் கிளம்பிவிட்டது.

சிக்கல் இனிமேல்தான். பம்பைக் கழற்றினால், இன்ஜினிலிருந்து வெளியே நீளும் கிராங்க் ஷாஃப்ட்டின் நுனியில் மரை இருக்கிறது. பழைய இன்ஜினில் இருப்பது முக்கால் அங்குல நேர் ஷாஃப்ட், கீவே (கிளட்ச் வழுக்காமல் பூட்டும் பள்ளம்) வெட்டியது. கிளட்ச் அதில்தான் உட்காரும். மரை வைத்த நுனியில் வெல்டிங் ஏற்றிக் கடைந்து தருவதாக இங்கே ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா? ஓட்டப்போவது பன்னிரண்டு வயது மகள்; இடம், நாங்கள் கொப்பரை காயப்போடும் களம்.

லேத்துக்காரன், கோவை:

வேண்டாம் சார். நானும் லேத் வைத்திருப்பவன்தான், வருகிற வேலையை வேண்டாம் என்பவனில்லை. ஆனால் கிராங்க் ஷாஃப்ட்டில் வெல்டிங் ஏற்றினால் அந்தச் சூட்டில் ஷாஃப்ட் கோணும், பற்றவைத்த ஓரத்தில் விரிசல் விடும். அப்படி ஒன்றைக் கடைந்து கொடுத்தேன். இரண்டாம் மாதமே கிளட்சோடு சேர்ந்து துண்டாகிக் கீழே விழுந்தது. நல்லவேளை, வண்டி அப்போது நின்றுகொண்டிருந்தது. பம்பின் உள்சக்கரம் திருகி ஏறுவதற்காக வைத்த மரை அது. ஜெனரேட்டர் இன்ஜின்களிலும் பெரும்பாலும் கூம்பு ஷாஃப்ட்தான் வரும். பழைய இன்ஜின் வாங்குகிறவர்கள் குதிரைத்திறனைக் கேட்பதற்கு முன்னால் ஷாஃப்ட் நுனியைப் பார்க்க வேண்டும்.

ரேஸ் பைத்தியம்:

இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு பல்சர் 150 இன்ஜினை ஏற்றுங்கள். கல்லூரியில் எங்கள் அணி அதைத்தான் செய்தது. கியரும் கிடைக்கும், பறக்கும்.

தோப்புக்காரன்:

தம்பி, கொப்பரைக் களத்தில் பறந்தால் நேராகக் கிணற்றில்தான் போய் இறங்க வேண்டும்.

பழைய மெக்கானிக், ஈரோடு:

உங்களிடம் இரண்டு இன்ஜின் இருக்கிறதே. பழையதன் கிராங்க் ஷாஃப்ட்டை எடுத்துப் பம்பு இன்ஜினில் போடுங்கள். முதலில் இரண்டு பிளாக்கிலும் ஜிஎக்ஸ்160 என்றே பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். ஜிஎக்ஸ்200-க்கும் போர் (சிலிண்டரின் விட்டம்) 68 மி.மீ.தான், ஆனால் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 54. உங்களுடையது 45. கலந்துவிட்டால் கெட்டது.

இந்த இன்ஜினில் ராடு அலுமினியம், உள்ளே தனி பேரிங் கிடையாது. ஆயில் இல்லாமல் ஓடியதால் அலுமினியம் உருகி, ராடு மாட்டும் கிராங்க் பின்னில் ஒட்டியிருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். காஸ்டிக் சோடாக் கரைசலில் நனைத்த துணியை அந்த கிராங்க் பின்மேல் மட்டும் சுற்றிவையுங்கள். அலுமினியத்தைத் தின்னும், எஃகைத் தொடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். வெளியில் வைத்துச் செய்யுங்கள், வாயு கிளம்பும். பிறகு நன்றாகக் கழுவி, மெல்லிய எமரியால் துடைத்து, மைக்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட 30 மி.மீ. இருக்க வேண்டும். நகம் தட்டுகிற கோடு இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கிராங்க் வாங்குங்கள்.

பூட்டும்போது கேம் கியர் (வால்வுகளை இயக்குவது), கிராங்க் கியர் இரண்டிலும் உள்ள அடையாளப் புள்ளிகள் நேருக்கு நேர் நிற்க வேண்டும். ராடு போல்ட் 12 நியூட்டன் மீட்டர்தான், கைப்பலத்தைக் காட்டாதீர்கள். ஆயில் சீலும் கேஸ்கெட்டும் புதிது போடுங்கள். இன்ஜின் வேகம் எல்லை மீறாமல் பிடித்துவைக்கும் கவர்னரைக் கழற்றச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதீர்கள். நிமிடத்துக்கு 3600 சுற்றுக்கு மேல் அந்த ராடை நம்ப முடியாது. இன்னொன்று, சீட்டுக்குப் பின்னால், பின்சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸில் திறந்தபடி சுற்றும். பெண் குழந்தை என்கிறீர்கள். பின்னலும் துப்பட்டாவும் அதன் பக்கமே போகக் கூடாது.

தோப்புக்காரன் (மூன்று வாரம் கழித்து):

ஓடுகிறது ஐயா. கிராங்க் பின்னில் ஒட்டியிருந்த அலுமினியம் நுரைத்துக் கருப்புக் குழம்பாக வந்தது. அடியில் கோடு எதுவும் இல்லை. மைக்ரோமீட்டர் 29.97 காட்டியது. மகள்தான் புள்ளிகளைச் சேர்த்துப் பிடித்தாள், என் கண்ணுக்கு அது தெரியவில்லை.

முதல் நாள் கிளட்ச் புகைந்தது. ஐடில் (ஆக்ஸிலரேட்டரை அழுத்தாதபோது இன்ஜின் ஓடும் வேகம்) அதிகமாக வைத்திருந்தேன். நின்ற இடத்திலேயே கிளட்ச் பிடித்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. 1400-க்கு இறக்கியதும் சரியாகிவிட்டது. மறுநாள் செயின் கழன்றது. நேர்ச்சட்டத்தை வைத்துப் பார்த்தால் செயின் ஓடும் இரண்டு ஸ்பிராக்கெட்டும் (பல்சக்கரம்) நான்கு மி.மீ. விலகி நின்றன, இன்ஜினை நகர்த்தி மறுபடி பூட்டினேன். ஆக்ஸிலுக்கு மேல் தகரத்தில் மூடி அடித்தாயிற்று. பின்னலை ஹெல்மெட்டுக்குள் சுருட்டிவைத்தால்தான் சாவி.

இப்போது கவர்னரைக் கழற்றச் சொல்கிறாள்.