ஆல்டர் டேபிள் கட்டளை 20 மில்லி விநாடியில் முடிகிறது என்றால், தளம் 6 நிமிடம் உறைந்து நின்றது ஏன்?

கேட்டவர்: இளவேனில்

வணக்கம். எங்கள் ஆர்டர் மேலாண்மைச் செயலி ஜாங்கோ என்னும் பைத்தான் கட்டமைப்பில் எழுதப்பட்டது. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 14. ஏறத்தாழ 4 கோடி பதிவுகள் உள்ள ஆர்டர் அட்டவணையில், 'பொய்' என்பதை இயல்பு மதிப்பாகக் கொண்ட ஒரு பூலியன் நெடுவரிசையை ஆல்டர் டேபிள் கட்டளை மூலம் சேர்க்கும் மைகிரேஷன் (தரவுத்தள அமைப்பை மாற்றும் கோப்பு) ஒன்றை எழுதினோம். புரொடக்ஷனின் முழு நகலை வைத்திருக்கும் சோதனை சர்வரில் அது 20 மில்லி விநாடிக்குள் முடிந்தது. ஆகவே, பயனர்கள் குறைவாக இருக்கும் இரவு 11 மணிக்கு டிப்ளாய் செய்தோம்.

புரொடக்ஷனில் அதே கட்டளை 6 நிமிடம் எடுத்துக்கொண்டது. அந்த நேரம் முழுவதும் ஆர்டர் அட்டவணையைத் தொடும் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. இணைப்புகள் 100 என்ற உச்சவரம்பைத் தொட்டுவிட்டதால், அந்த அட்டவணைக்குத் தொடர்பே இல்லாத பக்கங்களும் பிழை காட்டத் தொடங்கின. ஆனால் தரவுத்தள சர்வரின் சிபியுவும் டிஸ்க்கும் ஏறக்குறைய சும்மா இருந்தன என்பதுதான் எனக்குப் புரியவில்லை. 4 கோடி பதிவுகளையும் அது திருத்தி எழுதியிருந்தால் டிஸ்க்கில் அது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அடுத்த வாரம் இதே அட்டவணையில் தேடலை விரைவாக்கும் ஓர் இண்டெக்ஸும், வேறோர் அட்டவணையின் பதிவைச் சுட்டும் ஓர் அயல் விசையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன் காரணத்தை அறிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதில் 1: தென்கரை

உங்கள் கட்டளை புரொடக்ஷனிலும் 20 மில்லி விநாடியில்தான் முடிந்திருக்கும். மீதி நேரம் முழுவதும் அது வேலை செய்யவில்லை, பூட்டுக்காகக் காத்திருந்தது. சிபியு சும்மா இருந்ததற்குக் காரணம் அதுவே.

2018-இல் வெளியான போஸ்ட்கிரெஸ் 11 முதல், மாறாத இயல்பு மதிப்போடு நெடுவரிசை சேர்க்கும்போது பழைய பதிவுகள் திருத்தி எழுதப்படுவதில்லை. அந்த மதிப்பு அமைப்பு அட்டவணையில் ஒரே ஓர் இடத்தில் குறித்துவைக்கப்பட்டு, பழைய பதிவுகளைப் படிக்கும்போது அங்கிருந்து எடுத்துத் தரப்படுகிறது. பதிவுக்குப் பதிவு மாறும் மதிப்பை, எடுத்துக்காட்டாகத் தற்செயல் யூயூஐடியை, இயல்பு மதிப்பாகக் கொடுத்தால் மட்டுமே அட்டவணை முழுவதும் மறுபடி எழுதப்படும். உங்களுடையது அந்த வகை அல்ல.

ஆனால் வேலை எவ்வளவு சிறிதானாலும், அதைச் செய்ய 'ஆக்சஸ் எக்ஸ்க்ளூசிவ்' என்னும் மிகக் கடுமையான பூட்டு வேண்டும். பதிவுகளைப் படிக்க மட்டும் செய்யும் செலக்ட் வினவல்கூட அட்டவணையின் மீது 'ஆக்சஸ் ஷேர்' என்ற இலேசான பூட்டைப் பிடிக்கிறது. இந்த இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. இப்போது நடந்ததைக் கற்பனை செய்துபாருங்கள். ஏதோ ஒரு நீண்ட வினவல் 10.50-க்கே தொடங்கி ஓடிக்கொண்டிருக்கிறது. 11 மணிக்கு உங்கள் ஆல்டர் வந்து அதன் பின்னால் காத்து நிற்கிறது. 11 மணி 1 விநாடிக்கு ஒரு பயனர் தம் ஆர்டரைப் பார்க்க ஒரு செலக்ட் வருகிறது. ஓடிக்கொண்டிருக்கும் நீண்ட வினவலுக்கும் இதற்கும் எந்த மோதலும் இல்லை. ஆனால் வரிசையில் தனக்கு முன்னால் நிற்கும் ஆல்டரோடு இது மோதுவதால், இதுவும் ஆல்டருக்குப் பின்னால் நிறுத்தப்படுகிறது. அதற்கடுத்து வரும் ஒவ்வொன்றுக்கும் அதே கதிதான். தளத்தை நிறுத்தியது நீண்ட வினவலும் அல்ல, ஆல்டரின் வேலையும் அல்ல. ஆல்டர் காத்திருந்த காத்திருப்பு.

மருந்து எளிது. பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கு வரம்பு வைக்கும் 'லாக் டைம்அவுட்' என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 0, அதாவது முடிவில்லாமல் காத்திரு என்று பொருள். மைகிரேஷன் ஓடும் இணைப்பில் அதை 2 விநாடி என்று வையுங்கள். பூட்டு கிடைக்காவிட்டால் கட்டளை பிழையோடு திரும்பும், வரிசை கலையும், பயனருக்கு அதிகபட்சம் 2 விநாடி தாமதம் தெரியும். சிறிது நேரம் கழித்து மறுபடி முயலும்படி டிப்ளாய் ஸ்கிரிப்ட்டில் எழுதிவிடலாம். இதையும் 'ஸ்டேட்மென்ட் டைம்அவுட்'டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது காத்திருப்பையும் வேலையையும் சேர்த்து அளப்பதால், நியாயமாகவே அரை மணி நேரம் ஓடும் இண்டெக்ஸ் உருவாக்கத்தையும் நடுவில் வெட்டிவிடும்.

பதில் 2: பழைய டிபிஏ

தென்கரை சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. நான் கேட்க விரும்புவது இரவு 11 மணியைப் பற்றி. உங்கள் காப்புப் பிரதி எத்தனை மணிக்கு ஓடுகிறது?

காப்புப் பிரதி எடுக்கும் கருவியான பிஜி டம்ப் தொடங்கியவுடன் எடுக்க வேண்டிய எல்லா அட்டவணைகளின் மீதும் ஆக்சஸ் ஷேர் பூட்டைப் பிடித்துவிட்டு, கடைசி அட்டவணையை எழுதி முடிக்கும் வரை அவற்றில் எதையும் விடுவதில்லை. ஆர்டர் அட்டவணையை முதல் இரண்டு நிமிடத்தில் படித்து முடித்திருந்தாலும் அதன் பூட்டு இறுதிவரை நீடிக்கும். இரவு என்பது பயனர்களுக்கு அமைதியான நேரமாக இருக்கலாம். தரவுத்தளத்துக்கு அதுவே காப்புப் பிரதி, மாத அறிக்கை, தரவுக் கிடங்குக்கான ஏற்றுமதி என எல்லா நீண்ட வேலைகளும் குவியும் நேரம். என்னைக் கேட்டால், எல்லோரும் விழித்திருக்கும் முற்பகல் 11 மணிக்கு, லாக் டைம்அவுட்டுடன் செய்வதே பாதுகாப்பு. நள்ளிரவு டிப்ளாய் என்ற வழக்கத்தைப் பல குழுக்கள் காரணம் கேட்காமலே பின்பற்றுகின்றன.

காப்புப் பிரதியை, முதன்மை சர்வரைப் பின்தொடரும் நகல் சர்வரான ரெப்ளிகாவிலிருந்து எடுத்தால் இந்தச் சிக்கல் முதன்மை சர்வரை விட்டு விலகும், ஆனால் மறைந்துவிடாது. ஆல்டரின் கடும் பூட்டு, மாற்றங்களைக் குறித்துவைக்கும் 'வால்' (WAL) பதிவு வழியாக ரெப்ளிகாவுக்கும் வந்து சேரும். அங்கே இயல்பாக 30 விநாடி பொறுத்திருந்துவிட்டு, தடுத்துக்கொண்டிருக்கும் வினவலை, அதாவது உங்கள் டம்ப்பை, ரத்து செய்துவிடும்.

கேட்டவர்: இளவேனில்

இருவருக்கும் நன்றி. பூட்டுக்கான நீண்ட காத்திருப்புகளைப் பதிவுசெய்யும் 'லாக் லாக் வெயிட்ஸ்' என்ற அமைப்பு எங்கள் சர்வரில் ஏற்கெனவே இயக்கத்தில் இருந்திருக்கிறது. ஆகவே லாக் கோப்பில் எல்லாம் பதிவாகியிருந்தது. 11 மணி கடந்த ஒரு விநாடியில், ஆக்சஸ் எக்ஸ்க்ளூசிவ் பூட்டுக்காக இன்னும் காத்திருப்பதாக ஒரு வரியும், அதன் கீழே பூட்டை வைத்திருக்கும் புராசஸின் எண்ணும், பின்னால் காத்திருக்கும் எண்களின் நீண்ட வரிசையும் இருந்தன. பூட்டை வைத்திருந்த எண் காப்புப் பிரதிக்கான பயனருடையது என்று இணைப்புப் பதிவுகள் காட்டுகின்றன. டம்ப் 11.06-க்கு முடிந்திருக்கிறது, அதே விநாடியில் தளமும் மீண்டிருக்கிறது.

இண்டெக்ஸும் அயல் விசையும் சேர்ப்பதற்கும் லாக் டைம்அவுட் மட்டும் போதுமா?

பதில் 3: கரிசல் நிரலர்

போதாது. நெடுவரிசை சேர்ப்பது பூட்டு கிடைத்தவுடன் முடியும் வேலை. இவை இரண்டும் பூட்டு கிடைத்த பிறகும் 4 கோடி பதிவுகளைப் படிக்க வேண்டிய வேலைகள்.

இண்டெக்ஸை 'கன்கரன்ட்லி' என்ற சொல்லோடு உருவாக்குங்கள். அது அட்டவணையை இருமுறை வருடுவதால் கூடுதல் நேரம் எடுக்கும், ஆனால் எழுதுவதைத் தடுக்காது. இரண்டு இடங்களில் கவனம் தேவை. முதலாவதாக, இதை டிரான்சாக்ஷனுக்குள், அதாவது முழுவதும் நிறைவேறும் அல்லது முழுவதும் கைவிடப்படும் கட்டளைத் தொகுப்புக்குள், இயக்க முடியாது. போஸ்ட்கிரெஸில் ஜாங்கோ ஒவ்வொரு மைகிரேஷனையும் டிரான்சாக்ஷனுக்குள் வைத்தே ஓட்டுவதால், அந்தக் கோப்பில் 'அட்டாமிக்' என்பதைப் பொய் என்று குறித்து, இதற்காகவே ஜாங்கோ 3.0 முதல் இருக்கும் 'ஆட் இண்டெக்ஸ் கன்கரன்ட்லி' செயல்பாட்டைப் பயன்படுத்த வேண்டும். இரண்டாவது, பலரும் தடுக்கி விழும் இடம். உருவாக்கம் நடுவில் தோற்றுப்போனால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று அதே பெயரில் எஞ்சியிருக்கும். வினவல்கள் அதைப் பயன்படுத்தாது, ஆனால் ஒவ்வொரு இன்சர்ட்டும் அதைப் புதுப்பிக்கும் செலவைச் சுமக்கக்கூடும். கட்டளையில் 'இஃப் நாட் எக்சிஸ்ட்ஸ்' என்று எழுதியிருந்தால், மறுமுறை ஓட்டும்போது பெயரை மட்டும் பார்த்துவிட்டு, இண்டெக்ஸ் இருக்கிறதே என்று வெற்றியோடு திரும்பிவிடும். மறுமுயற்சிக்கு முன் அதை டிராப் செய்துவிடுங்கள்.

அயல் விசையை இரண்டு படிகளாகப் பிரியுங்கள். முதலில் 'நாட் வேலிட்' என்று சேர்த்தால், இனி எழுதப்படும் பதிவுகள் மட்டும் சரிபார்க்கப்படும். இதற்கான பூட்டு இரு அட்டவணைகளிலும் எழுதுவதைத் தடுக்கும் என்றாலும் கணநேரத்தில் விலகிவிடும், ஆகவே இங்கே லாக் டைம்அவுட் அவசியம். பிறகு தனி டிரான்சாக்ஷனில் 'வேலிடேட் கன்ஸ்ட்ரெயின்ட்' இயக்கினால், பழைய பதிவுகளைச் சரிபார்க்கும் நேரமெல்லாம் படிப்பதும் எழுதுவதும் தடையின்றி நடக்கும். இரண்டையும் ஒரே டிரான்சாக்ஷனில் வைத்தால் முதல் படியின் பூட்டு கடைசிவரை நீடித்து, பிரித்ததன் பயனே போய்விடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜாங்கோ நெடுவரிசையைச் சேர்த்தவுடன் தரவுத்தளத்திலிருந்து இயல்பு மதிப்பை நீக்கிவிடும். அது பைத்தான் பக்கத்தில் மட்டுமே இருக்கும். சர்வர்களை ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கும் இடைவெளியில் பழைய நிரல் அந்த நெடுவரிசையைக் குறிப்பிடாமல் இன்சர்ட் செய்தால், மதிப்பு காலியாக இருக்கக் கூடாது என்னும் 'நாட் நல்' பிழையில் அது விழும். இயல்பு மதிப்பைத் தரவுத்தளத்திலேயே வைக்கும், ஜாங்கோ 5.0-இல் வந்த 'டிபி டிஃபால்ட்' இதற்கான தீர்வு.

பதில் 4: தென்கரை

இவற்றையெல்லாம் ஒவ்வொரு ரிவ்யூவிலும் நினைவில் வைத்திருக்க யாராலும் முடியாது. ஸ்குவாக் போன்ற லின்டரை (குறைகளைத் தானாகச் சுட்டும் கருவியை), நிரல் மாற்றங்களைத் தானாகச் சோதிக்கும் சிஐயில் இணைத்தால், கன்கரன்ட்லி இல்லாத இண்டெக்ஸையும் நாட் வேலிட் இல்லாத அயல் விசையையும் அதுவே சுட்டிக்காட்டும். ரூபி மொழியின் ரெயில்ஸ் கட்டமைப்பைப் பயன்படுத்துவோருக்கு ஸ்ட்ராங் மைகிரேஷன்ஸ் இருக்கிறது. ஆனால் இளவேனிலின் முதல் மைகிரேஷனில் லின்டர் குறை சொல்லும்படி எழுத்தளவில் பிழையே இல்லை. அந்த நேரத்தில் பூட்டை யார் வைத்திருக்கிறார்கள் என்பது எந்த லின்டருக்கும் தெரியாது. ஆகவே மைகிரேஷனுக்கென்று தனியாக ஒரு தரவுத்தளப் பயனரை உருவாக்கி, 'ஆல்டர் ரோல்' மூலம் லாக் டைம்அவுட்டை அவருக்கே நிலையாக அமைத்துவிடுங்கள். ஒரு மைகிரேஷனில் பல அட்டவணைகள் இருந்தால் அந்த 2 விநாடி ஒவ்வொரு பூட்டுக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்படும் என்பதையும், முதல் அட்டவணையின் பூட்டைப் பிடித்தபடியே அடுத்ததற்குக் காத்திருக்கும் என்பதையும் கருத்தில் கொண்டு, ஒரு கோப்புக்கு ஓர் அட்டவணை என்று வைத்துக்கொள்வது நல்லது.