மராக்கேஷ் விடுமுறை: எந்தப் பாலைவனம்?

குழுவின் பெயர்: ஐப்பசி விடுமுறை – மராக்கேஷ்

சனிக்கிழமை

வாசுகி (மாலை 6.10): எல்லோருக்கும் வணக்கம். பாரிஸிலிருந்து மராக்கேஷுக்கு எங்கள் நால்வருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன். போவதற்கு மட்டும்தான், திரும்புவதற்கு இன்னும் எடுக்கவில்லை. சனிக்கிழமை மதியம் இறங்குகிறோம். அடுத்த சனிக்கிழமை வீட்டில் இருக்க வேண்டும். அண்ணா, நீங்களும் அதே நாளில்தானே லண்டனிலிருந்து வருகிறீர்கள்?

குமரன் (6.14): ஆமாம். நாங்களும் போவதற்கு மட்டுமே எடுத்திருக்கிறோம். நீ சொல்லும் நாளைப் பார்த்து மற்றதை எடுக்கலாம் என்று காத்திருக்கிறேன்.

வாசுகி (6.21): நகரத்தில் பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. ஆனாலும் அவ்வளவு தூரம் போய்விட்டுப் பாலைவனத்தைப் பார்க்காமல் வரக்கூடாது. மூன்று விளம்பரங்கள் பார்த்தேன். ஒன்று, மாலையில் போய் இரவு திரும்பும் அகஃபாய். மற்றொன்று ஸகோரா, இரண்டு நாள். மூன்றாவது மெர்சூகா, மூன்று நாள். மூன்றிலும் ஒட்டகம், கூடாரம், இரவுச் சாப்பாடு எல்லாம் உண்டு. படங்களும் ஒரே மாதிரித்தான் இருக்கின்றன. எதை எடுப்பது?

அபிராமி (6.22): மணல்மேடு எதில் இருக்கிறதோ அது!

ரவி (6.30): பாதியில் இருப்பதை எடுக்கலாமே. ஸகோரா. இரண்டு நாள்தான், மீதி நாள்கள் நகரத்துக்குக் கிடைக்கும்.

சாந்தி (6.34): வளைந்து வளைந்து போகும் பாதையா? ஆதவனுக்குக் காரில் அரை மணி நேரம் போனாலே வயிற்றைப் பிரட்டும்.

குமரன் (6.41): எனக்கு அம்மாவின் முதுகுதான் கவலை. பக்கத்தில் இருப்பதற்கே போகலாம். நிரோஷன், நீ மொரோக்கோ போய் வந்தவன். ஒரு வார்த்தை சொல்லு.

நிரோஷன் (இரவு 8.05): அண்ணா, அக்கா, இப்போதுதான் வேலை முடிந்தது. ஒரு வார்த்தையில் சொல்ல முடியாது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

படங்கள் ஒரே மாதிரி இருப்பதை நம்பாதீர்கள். மூன்றும் மூன்று வெவ்வேறு நிலங்கள்.

அகஃபாய் மராக்கேஷிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். அது கல் பாலைவனம். வெளிறிய மண், சரளைக்கல், மொட்டை மேடுகள். மணல்மேடு ஒன்றுகூட இல்லை. ஆனால் வானம் தெளிவாக இருந்தால் தெற்கே அட்லஸ் மலைத்தொடர் முழுவதும் தெரியும். வட ஆப்பிரிக்காவிலேயே உயரமான சிகரம் துப்கால், 4167 மீட்டர், அந்தப் பக்கம்தான். சூரியன் மறையும் நேரத்தில் மலைகளின் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அகஃபாய் அழகான இடம். அதைச் சகாரா என்று சொல்லி விற்பதுதான் தவறு. உங்களிடம் ஒரு மாலை மட்டுமே இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அங்கே போகச் சொல்வேன்.

மெர்சூகா ஏறக்குறைய 560 கிலோமீட்டர். அங்கேதான் எர்க் ஷெப்பி இருக்கிறது. நாம் மனத்தில் வைத்திருக்கும் பாலைவனம் அதுதான். 150 மீட்டர் வரை உயர்ந்த செம்மஞ்சள் மணல்மலைகள், கல் தரையிலிருந்து திடீரென எழுந்து நிற்கும்.

ரவி அத்தான், உங்களோடு எனக்கு ஒத்துப்போகாத இடம் ஸகோராதான். இரண்டு நாள் என்றால் பாதித் தொல்லை என்று தோன்றும். உண்மையில் அதுதான் மிகுந்த தொல்லை. முதல் நாள் ஆறேழு மணி நேரம் வாகனத்தில் இருந்து, இருட்டும் நேரத்தில் சிறிய மணல்மேடுகளுக்குப் பக்கத்தில் இறக்கிவிடுவார்கள். விடிந்ததும் அதே பாதையில் அதே நேரம் திரும்பி வர வேண்டும். அந்தப் பக்கத்துப் பெரிய மணற்பரப்பு எர்க் ஷெகாகா. அது ஸகோராவையும் தாண்டி, மஹாமித் என்ற ஊரையும் தாண்டி, பாதையே இல்லாத தரையில் ஐம்பது அறுபது கிலோமீட்டர் போனால்தான் வரும். இரண்டு நாள் பயணத்தில் அங்கே கூட்டிப்போக மாட்டார்கள். ஸகோராவின் அழகு த்ரா பள்ளத்தாக்கின் பேரீச்சந்தோப்புகளும் மண் கோட்டைகளும். அவற்றை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். ஓடும் வாகனத்தின் கண்ணாடி வழியே பார்ப்பது அவற்றுக்குச் செய்யும் மரியாதை இல்லை.

ஆகவே ஒன்று அகஃபாய், இல்லையென்றால் மெர்சூகா. நடுவில் வேண்டாம்.

ரவி (8.19): சரி, ஸகோராவை விட்டேன். மெர்சூகாவுக்குப் போக ஒரு நாள், வர ஒரு நாள். அது மட்டும் தொல்லை இல்லையா?

நிரோஷன் (8.24): வந்த வழியே திரும்பினால் தொல்லைதான். திரும்பாதீர்கள் அத்தான். மெர்சூகாவிலிருந்து வடக்கே ஃபெஸ் நகரத்துக்குப் போய்விடலாம். ஏழெட்டு மணி நேரம், ஆனால் முழுக்கப் புதிய பாதை. ஃபெஸிலிருந்து பாரிஸுக்கும் லண்டனுக்கும் நேரடி விமானம் உண்டு. நீங்கள் இன்னும் திரும்பும் டிக்கெட் எடுக்கவில்லை என்று அக்கா எழுதியதைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

அபிராமி (8.25): மெர்சூகா! மெர்சூகா!

சாந்தி (8.31): மலைப்பாதை எப்படி என்று யாரும் சொல்லவில்லையே தம்பி.

நிரோஷன் (8.40): மறைக்காமல் சொல்கிறேன் அண்ணி. முதல் நாள் காலை அட்லஸ் மலையைத் தாண்ட வேண்டும். திஷ்கா கணவாய், 2260 மீட்டர் உயரம். பாதையை அண்மை ஆண்டுகளில் அகலப்படுத்தியிருக்கிறார்கள், ஆனாலும் வளைவுகள் வளைவுகள்தான். ஆதவனுக்கு அந்த மூன்று மணி நேரம்தான் சோதனை. அதற்கப்பால் பாதை பெரும்பாலும் நேராகப் போகும். காலையில் லேசாகச் சாப்பிடக் கொடுங்கள், முன்னால் பார்க்கும்படி இருக்கையில் வையுங்கள், கைபேசியைக் கையில் கொடுக்காதீர்கள். மருந்து வேண்டுமா என்று அவனுடைய மருத்துவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

குமரன் (8.52): 2023 செப்டம்பர் நிலநடுக்கம் அந்த மலையில்தானே? பாதை இப்போது பாதுகாப்பா?

நிரோஷன் (8.58): நடுக்கத்தின் மையம் மராக்கேஷுக்குத் தென்மேற்கே. மோசமாகப் பாதிக்கப்பட்டது திஸி ந் தெஸ்ட் என்ற வேறொரு மலைப்பாதை. திஷ்கா பாதை சில நாள்களிலேயே திறந்துவிட்டது. மெர்சூகா அங்கிருந்து வெகு தூரம்.

குமரன் (9.10): எல்லாம் கேட்டேன். என் முடிவைச் சொல்கிறேன். அம்மாவுக்கு 71 வயது. முதுகு வலி உள்ளவரை நாள் முழுக்க வாகனத்தில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. அகஃபாய் போகலாம். அபிராமி, நீ வளர்ந்தபிறகு மெர்சூகாவுக்குத் தாராளமாகப் போகலாம்.

அபிராமி (9.11): சரி மாமா. அம்மம்மாவுக்காக என்றால் சரி.

வாசுகி (9.15): எனக்கும் அம்மாதான் முக்கியம். நாளை அகஃபாய்க்குப் பதிவு செய்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

அம்மா (காலை 5.48): நேற்று எல்லோரும் எழுதியதை இப்போதுதான் படித்தேன். என்னைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், என்னிடம் யாரும் கேட்கவில்லை.

நான் யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கிழக்கில் பிறந்தவள். மணற்காட்டு மணல்மேடுகளில் ஏறி இறங்கித்தான் நானும் என் தங்கையும் வளர்ந்தோம். மேட்டின் உச்சியில் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சவுக்கங்காடு. மணல் மூடிய பழைய தேவாலயமும் அங்கே இருக்கிறது. ஊரை விட்டு வந்தபிறகு நான் அப்படி மணலைக் காலில் உணர்ந்ததில்லை. கடலே இல்லாமல், நான்கு பக்கமும் மணல் மட்டும் இருக்கும் இடம் எப்படி இருக்கும் என்று எனக்குப் பார்க்க வேண்டும்.

என் முதுகு உட்கார்ந்தால் வலிக்கும், எழுந்து நடந்தால் சரியாகும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வாகனத்தை நிறுத்தினால் எங்கே வேண்டுமானாலும் வருவேன். ஒட்டகத்தில் மட்டும் ஏற மாட்டேன். குமரன், என்னைக் காரணம் காட்டிப் பிள்ளைகளின் ஆசையை நிறுத்தாதே.

வெள்ளிக்கிழமை எனக்கு மரக்கறிச் சாப்பாடு என்பதை மறந்துவிடாதீர்கள்.

அபிராமி (7.30): அம்மம்மா!!! ❤️❤️

குமரன் (7.52): அம்மா, நான் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் வருகிறீர்கள் என்றால் எனக்கு வேறு பேச்சே இல்லை. மெர்சூகாவேதான். ஆனால் ஒரு நிபந்தனை. முப்பது பேர் ஏறும் சுற்றுலாப் பஸ் வேண்டாம். நமக்கென்று தனி வான், தனி ஓட்டுநர். செலவில் பாதியை நான் தருகிறேன்.

ரவி (8.03): மச்சான், பாதி எதற்கு? ஆள் கணக்கில் பிரிப்போம். தனி வான் என்பது சரியான யோசனை. பொதுப் பஸ்ஸில் நிறுத்தச் சொல்ல முடியாது. கம்பளக் கடையிலும் ஆர்கன் எண்ணெய்க் கடையிலும் மட்டும் மணிக்கணக்கில் நிறுத்துவார்கள்.

நிரோஷன் (8.20): பெரியம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நானும் வரலாமா என்று யோசிக்கிறேன். விடுமுறை கிடைக்காது, அதுதான் கவலை.

பெரியம்மா வருவதால் மூன்று நாளை நான்கு நாளாக்குங்கள். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று இரவும் மராக்கேஷ். அந்த நாள்களில் ஜமா எல் ஃப்னா சதுக்கம், கடைத்தெரு, மஜொரெல் தோட்டம் எல்லாம் நிதானமாகப் பார்க்கலாம். தோட்டத்துக்கு இணையத்தில் முன்கூட்டியே டிக்கெட் எடுங்கள்.

செவ்வாய் காலையில் புறப்பட்டுக் கணவாயைத் தாண்டினால் அயித் பென்ஹட்டூ. மண்ணால் கட்டிய கோட்டைக் குடியிருப்பு, 1987 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. பெரியம்மா மேலே ஏற வேண்டியதில்லை, ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்றாலே முழுதும் தெரியும். இரவு தாதெஸ் பள்ளத்தாக்கில் தங்குங்கள். புதன்கிழமை தோத்ரா பள்ளத்தாக்கு. இரு பக்கமும் 300 மீட்டர் அளவுக்கு நிமிர்ந்த பாறைச் சுவர், நடுவில் ஆறு, நடக்கத் தட்டையான பாதை. முதுகை நிமிர்த்த அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அங்கிருந்து பிற்பகலுக்குள் மெர்சூகா போய்விட வேண்டும். ஐப்பசியில் ஆறரை மணி அளவில் சூரியன் மறைந்துவிடும், அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே மணலில் இருக்க வேண்டும்.

சாந்தி (8.34): அம்மா ஒட்டகத்தில் ஏறாமல் கூடாரத்துக்கு எப்படிப் போவது?

நிரோஷன் (8.41): மணலில் ஓடும் ஜீப் இருக்கிறது அண்ணி. பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டால் பெட்டிகளையும் பெரியம்மாவையும் அதில் கொண்டுபோவார்கள். ஆதவனையும் பெரியம்மாவோடு அனுப்புங்கள், துணைக்குத் துணை. ஒட்டகத்தில் ஏறுகிறவர்களுக்கு ஒன்று: ஒட்டகம் எழும்போது முதலில் பின்னங்காலைத்தான் தூக்கும். சவாரி செய்பவர் முன்னால் சாய்ந்து விழப் பார்ப்பார். பின்னால் நன்றாகச் சாய்ந்துகொள்ளுங்கள். அபிராமி, படம் எடுப்பதை அது எழுந்து நின்றபிறகு வைத்துக்கொள்.

கூடாரம் பற்றி மூன்று கேள்விகளை மறக்காமல் கேளுங்கள் அக்கா. கழிப்பறை கூடாரத்துக்குள்ளேயே இருக்கிறதா? இரவில் பெரியம்மா மணலில் இருட்டில் நடக்கக்கூடாது. இரவுக்குக் கனமான போர்வை தருவார்களா? பகலில் வெயில் அடித்தாலும் ஐப்பசி இரவில் கம்பளிச் சட்டை வேண்டும். மூன்றாவது, நான்கு சக்கர மோட்டார் வண்டிகள் ஓடும் இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த வண்டிச் சத்தம் மணல்மேடுகளைத் தாண்டி வெகு தூரம் கேட்கும். அவ்வளவு தூரம் போவது அந்த அமைதிக்காகத்தான். பிள்ளைகள் கேட்டாலும் அந்த வண்டிகளை எடுக்காதீர்கள்.

அபிராமி (8.44): நான் கேட்க மாட்டேன் மாமா. அம்மம்மாவோடு மேட்டில் ஏறப்போகிறேன்.

அம்மா (8.50): காலையில் வெயில் ஏறுமுன் ஏற வேண்டும் பிள்ளை. செருப்பைக் கழற்றிவிட்டு, மேட்டின் விளிம்பில் நட. அங்கேதான் மணல் இறுகியிருக்கும். சரிவில் நடந்தால் இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கும்.

வாசுகி (9.05): நிரோஷன், வியாழக்கிழமை என்ன செய்வது? அன்றே ஃபெஸுக்குப் புறப்படவா?

நிரோஷன் (9.16): வேண்டாம் அக்கா. வியாழன் இரவு மெர்சூகாவிலேயே ஒரு சாதாரண விடுதியில் தங்குங்கள், கட்டிலும் வெந்நீரும் பெரியம்மாவுக்கு நல்லது. வியாழன் ரிஸ்ஸானியில் சந்தை நாள். ஆடு, கழுதை, பேரீச்சை, மசாலா என்று அந்த வட்டாரமே அங்கே கூடும். பேரீச்சை அறுவடைக் காலம் வேறு. அந்த ஊர் ரொட்டி ஒன்று இருக்கிறது, மத்ஃபூனா என்பார்கள், உள்ளே இறைச்சியும் வெங்காயமும் வைத்துச் சுடுவது. ரவி அத்தானுக்கு நிச்சயம் பிடிக்கும். பக்கத்தில் கம்லியா என்ற சிற்றூர். சகாராவுக்குத் தெற்கிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர் வாழும் ஊர், அவர்களுடைய ‘ஞாவா’ இசையை அங்கே கேட்கலாம்.

வெள்ளி காலை வேளையோடு புறப்பட்டால் ஸிஸ் பள்ளத்தாக்கு, அஸ்ரூ தேவதாருக் காடு வழியாக மாலைக்குள் ஃபெஸ். காட்டில் குரங்குகள் வரும். ஆதவன் தீனி போடக்கூடாது என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

பெரியம்மாவின் சாப்பாடு: மொரோக்கோவில் வெள்ளிக்கிழமை வீடுதோறும் கூஸ்கூஸ்தான், ஆவியில் வேகவைத்த கோதுமைக் குருணை. காய்கறிக் கூஸ்கூஸ் என்று கேட்டாலும் பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில்தான் வேகவைப்பார்கள். சாறும் இறைச்சி இல்லாமல் வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள்.

வாசுகி (9.40): எழுதி வைத்துக்கொண்டேன். மராக்கேஷ் விடுதியில் ஏழு இரவைப் பதிவு செய்திருந்தேன். நான்கு இரவைக் கட்டணம் இல்லாமல் நீக்க முடிகிறது, நீக்கிவிட்டேன். ஃபெஸ்–பாரிஸ் சனிக்கிழமை காலை டிக்கெட் இருக்கிறது. அண்ணா, லண்டனுக்கு?

குமரன் (10.02): சனிக்கிழமை பார்த்துவிட்டேன், எடுக்கிறேன்.

சாந்தி (10.10): ஆதவனின் மருத்துவரிடம் செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். மாமி, உங்கள் இடுப்புப்பட்டியை மறக்காமல் எடுத்து வையுங்கள். வானில் முதுகுக்கு வைக்கச் சின்னத் தலையணை நான் கொண்டுவருகிறேன்.

அம்மா (10.15): சரி பிள்ளை. எனக்கு முன் இருக்கை வேண்டாம், அதை ஆதவனுக்குக் கொடுங்கள்.

வாசுகி (10.22): வான் பதிவுக்கு எல்லோருடைய கடவுச்சீட்டு விவரமும் கேட்கிறார்கள். குழுவில் போட வேண்டாம், எனக்குத் தனியாக அனுப்புங்கள். இன்று இரவுக்குள்.