புதுப்பிப்பு: பிக்சல் நிறத்தை வைத்துத் தாலுகா கண்டுபிடித்தல்

தர்மபுரியின் 7 தாலுகாக்களுக்கும் தனித்தனி நிறம் கொடுத்து, ஜிபிஎஸ் புள்ளி விழும் பிக்சலின் நிறத்தைப் படித்துத் தாலுகா சொல்லும் நிரலில், ஒகேனக்கல் பாலக்கோட்டுப் பக்கம் போய் விழுகிறது என்று எழுதியிருந்தேன். காரணம் கிடைத்தது: நம்பை (பைதானின் எண் அட்டவணை நூலகம்) அணியில் முதலில் வரிசை (ஒய்), பிறகுதான் நெடுவரிசை (எக்ஸ்). பில்லோ என்ற பட நூலகத்தில் பிக்சல் நிறம் தரும் கெட்பிக்சலுக்கு நேர் எதிர்; நான் இரண்டையும் மாற்றிக் கொடுத்திருந்தேன்.

படம் 1200×900, இடது ஓரம் தீர்க்கரேகை 77.5, மேல் ஓரம் அட்சரேகை 12.6, பிக்சலுக்கு 0.001 டிகிரி. ஒகேனக்கல் (12.12, 77.78) என்றால் எக்ஸ் 280. ஒய் மேலிருந்து எண்ணணும்: 12.6−12.12, அதாவது 480. கீழிருந்து எண்ணினால் அரூர் வடக்கே ஊத்தங்கரைப் பக்கம் ஏறிவிடும்!

படத்தை ஜேபெக்காகச் சேமிக்கவே வேண்டாம், சுருக்கும்போது நிறம் சற்று மாறிவிடும். 255 சிவப்பு 254 ஆனாலே நிரலின் நிறம்-தாலுகா அகராதியில் கிடைக்காது. பிஎன்ஜிதான், அதுவும் ஆன்டி-அலையாசிங் (ஓரங்களில் நிறங்களைக் கலந்து மென்மையாக்குவது) இல்லாமல். கறுப்பு எல்லைக்கோட்டில் விழுந்தால் சுற்றியுள்ள 8 பிக்சலில் எந்தத் தாலுகா நிறம் அதிகமோ அதை எடுக்கிறேன். எல்லையோர ஊர்களுக்கு மட்டும் இதை நம்பாதீர்கள், ஒரு பிக்சலே சுமார் 110 மீட்டர்.