குரே காதல்களுக்கு ஆஸ்திரேலியா போட்ட தடை சரியா?

தேன்மொழி:
1946 பிப்ரவரியில் ஆஸ்திரேலியச் சிப்பாய்கள், இரண்டாம் உலகப்போரில் தோற்ற ஜப்பானில் காவலிருக்கப் போன பிரிட்டிஷ் காமன்வெல்த் படையோடு, அங்குள்ள குரே துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். ஹிரோஷிமாவுக்குப் பக்கத்து ஊர். ஜப்பானியர் வீட்டுக்குள் போகக்கூடாது, அவர்கள் குடும்பத்தோடு ஒட்டக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. ஆனால் முகாமில் துணி துவைத்ததும் சாப்பாடு பரிமாறியதும் ஜப்பானியப் பெண்கள்தான். இருபது வயதுப் பையனுக்குக் காதல் வராமல் இருக்குமா? கல்யாணமே செய்துகொண்டாலும் மனைவியை ஊருக்குக் கூட்டிப்போக முடியாது. 1952 மார்ச் வரை அரசு இறங்கி வரவில்லை. பெரிய அநியாயம் இது.

மாறன், கூலிம்:
அக்கா, அந்த நாட்டுத் தாய்மாரையும் நினைத்துப் பாருங்கள். ஜப்பானியரிடம் பிடிபட்ட ஆஸ்திரேலியர் சுமார் 22,000 பேர். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திரும்பவே இல்லை. போர்க் கைதிகளையும் கூலிகளையும் வைத்து ஜப்பானியர் போட்டது சயாம்–பர்மா ரயில் பாதை; அந்தக் கைதிகளில் பலர் செத்த அதே பாதையில்தான் மலாயாத் தோட்டத் தமிழர்களும் ஆயிரம் ஆயிரமாக மடிந்தார்கள். என் தாத்தாவின் தம்பி போனவர், வரவில்லை. ஜப்பான் பேச்சை எடுத்தாலே பாட்டி எழுந்து உள்ளே போய்விடுவார். மகனைப் பறிகொடுத்தவள் வீட்டுக்கு எதிர்வீட்டில் ஜப்பானிய மருமகள் வந்து நின்றால் அவள் மனம் என்ன பாடுபடும்? சில வருஷம் பொறுக்கச் சொன்னதில் தப்பே இல்லை.

தேன்மொழி:
மாறன் தம்பி, பாட்டியின் துக்கத்தை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் ரயில் பாதையில் ஆட்களை வதைத்தது குரேயில் தட்டுக் கழுவிய பெண் இல்லையே. துக்கம் மட்டும்தான் காரணம் என்றால் லோரென்சோ காம்போவாவை ஏன் தடுத்தார்கள்? அவர் பிலிப்பைன்ஸ்காரர். அமெரிக்கப் படையில் ஜப்பானுக்கு எதிராக நின்றவர். மெல்போர்ன் பெண்ணைக் கட்டியவர். போர் முடிந்தபின் மனைவி மக்களோடு அங்கே வாழ வர அவருக்கும் அனுமதி மறுத்தார் ஆஸ்திரேலியக் குடியேற்ற அமைச்சர் ஆர்தர் கால்வெல். தோல் நிறம் பார்த்துப் போட்ட தடை அது.

ராஜவேல்:
நான் பட்டாளத்தில் இருந்தவன். நிறவெறி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் படைத்தலைமையின் கவலையையும் பாருங்கள். ஜெயித்தவன் கையில் ரேஷன் டப்பா, தோற்ற ஊரில் பசி. அந்தப் பெண் மனசார வந்தாளா, வயிற்றுக்காக வந்தாளா என்று எந்த அதிகாரி பிரித்துச் சொல்வான்? தடை அவளுக்கும் ஒரு காவல்தான்.

தேன்மொழி:
என்ன காவல் அண்ணா? தடை இருந்தும் பால்வினை நோய் படையில் பரவியது. பழக்கம் நிற்கவில்லை, பொறுப்பு மட்டும்தான் இல்லாமல் போனது. கைவிட நினைத்தவனுக்கு “சட்டம் விடவில்லை” என்று சொல்லிக் கப்பலேற வழி கிடைத்தது. கைவிட மறுத்தவன்தான் கஷ்டப்பட்டான். கார்டன் பார்க்கர் என்ற சிப்பாய் செர்ரி என்ற ஜப்பானியப் பெண்ணைக் கட்டினார். ஊர் திரும்பி, மனைவியை அழைத்துவர வருஷக்கணக்கில் போராடினார். 1952இல்தான் செர்ரி ஆஸ்திரேலிய மண்ணை மிதித்தார், அதற்குள் இரண்டு பெண் குழந்தைகள். அவரைத் தொடர்ந்து சுமார் 650 ஜப்பானிய மனைவிமார் போனார்கள். அப்பன் முகம் தெரியாமல் குரேயிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு யார் காவல்?

ராஜவேல்:
அந்தப் பிள்ளைகள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. சிப்பாயின் சம்பளத்திலிருந்து பிடித்தாவது பராமரிப்புக் கொடுத்திருக்க வேண்டும். தலைமை அதைச் செய்யாதது குற்றம்.

மாறன், கூலிம்:
நானும் அதை ஒத்துக்கொள்கிறேன் அக்கா. காம்போவா கதை எனக்குப் புதிது, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் 1946இலேயே கதவைத் திறந்திருக்க வேண்டும் என்றால் மட்டும் என்னால் ஏற்க முடியாது.