தஸ்கா நோட்டீஸ்: வெயில் மாதங்களில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

லயத்து மருமகள், சுங்கை சிப்புட், மலேசியா

பங்குனி வெயில் தொடங்கிவிட்டது. பழைய விஷயம்தான், ஆனால் மறுபடியும் மனதை அரிக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

மகனுக்கு மூன்று வயது. டவுனில் ஒரு தஸ்காவில், அதாவது குழந்தைப் பராமரிப்பு மையத்தில், விட்டிருக்கிறோம். வீட்டுக்காரர் விடியும் முன்பே தோட்டத்தில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய்விடுவார், எனக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பையனைக் கொண்டு விடுவதும் கூட்டி வருவதும் மாமியார்தான். தஸ்கா அறிவிப்பு எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் மலாயில் ஒரு செய்தி, அதே செய்தி காகிதத்தில் பிள்ளையின் பைக்குள். குழுவில் இருப்பது என் நம்பர். வேலை முடியும்வரை என் போன் லாக்கரில் இருக்கும்.

போன வருஷம் மார்ச்சில் ஒரு நாள், கேட்டருகே எல்லார் முன்னாலும் ஒரு பராமரிப்பாளர் மாமியாரிடம் மலாயில் கேட்டிருக்கிறார்: இரண்டாவது தண்ணீர் போத்தல் எங்கே, தொப்பி எங்கே, மெல்லிய சட்டை எங்கே, நோட்டீஸ் கொடுத்தோமே? அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கிறது. வீட்டுக்கு வந்தும் ஒன்றும் சொல்லவில்லை. இரவு நான் வந்து சேர்ந்ததும் ஒரு மைலோ டின்னைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். உள்ளே தஸ்காவிலிருந்து வந்த அத்தனை காகிதமும் இருந்தது. ஒன்றைக்கூடத் தூக்கிப் போடவில்லை. ஒவ்வொன்றையும் நான்காக மடித்து, பையனின் பிறப்புப் பத்திர நகலுக்கு அடியில் வைத்திருந்தார். "எல்லாம் பத்திரமா இருக்கும்மா, எதைக் கேக்குறாங்கன்னு நீ பாரு" என்றார்.

தமிழ்ப் பத்திரிகையை நினைவஞ்சலி விளம்பரம்வரை விடாமல் படிக்கிறவர் அவர். அந்தக் காகிதத்தில் நாலு வரி தமிழ் இருந்திருந்தால் போத்தல், தொப்பி, சட்டை மூன்றும் மறுநாளே பையில் இருந்திருக்கும். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த டின்னை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது. பிள்ளை யார் கையில் வந்து போகிறதோ அவருக்குப் புரிகிற மாதிரிதானே அறிவிப்பு இருக்க வேண்டும்? உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

பழலோரி

எனக்கு நடந்தது வெயில் விஷயம் இல்லை, கை கால் வாய்ப்புண். அது அடிக்கடி வருகிற இடம் தஸ்காதான் என்று எல்லாருக்கும் தெரியும்.

காலை ஒன்பது மணிக்கு மேல் குழுவில் செய்தி: இரண்டு பிள்ளைகளுக்குக் கொப்புளம், தஸ்கா மூடப்படுகிறது, 12 மணிக்குள் வந்து கூட்டிப் போகவும். நான் மில்லில் செம்பனைக் குலை இறக்க வரிசையில் நிற்கிறேன். முன்னால் பத்துப் பதினைந்து லோரி. மனைவி ரப்பர் காட்டில் பால்வெட்டில் இருக்கிறாள், போனை வீட்டில்தான் வைத்துவிட்டுப் போவாள். வரிசையை விட்டு லோரியை எடுக்கவும் முடியாது. ஒரு வழியாக நான் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு.

கேட் பூட்டியிருந்தது. பக்கத்து மளிகைக் கடை வாசலில், ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு பராமரிப்பாளர் பெண் என் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் மதியச் சாப்பாட்டை அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். இருபது வயதுகூட இருக்காது அந்தப் பிள்ளைக்கு. "அங்கிள், இவளுக்குக் காய்ச்சல் இல்லை, இப்பத்தான் பார்த்தேன்" என்றார் முதலில். தாமதத்துக்குத் திட்டவில்லை. நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அது போதாது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

மருமகள் தங்கச்சி சொன்னதை முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்தச் செய்தி தங்கத் தமிழில் வந்திருந்தாலும் என் மனைவி பார்த்திருக்க முடியாது. காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்பது மணிச் செய்தி எந்த மொழியில் வந்தாலும் ஒன்றுதான். நோய் வந்தால் மூடத்தான் வேண்டும், அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் போனில் கிடைக்காதவர்கள் யார் யார் என்று தஸ்காவுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

தஸ்கா டீச்சர்

நான் இந்தப் பக்கத்திலேயே ஒரு தஸ்காவில் வேலை செய்கிறேன். இரண்டு பேருக்கும் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

அறிவிப்பு ஏன் இரவில் வருகிறது, ஏன் மலாயில் மட்டும் வருகிறது என்று பெற்றோர் பலர் எங்களைக் கேட்கிறார்கள். ஒரு வயதுக்குக் கீழே மூன்று பிள்ளைக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை ஐந்துக்கு ஒருவர், மூன்றிலிருந்து நான்குவரை பத்துக்கு ஒருவர். விதி இதுதான். எங்களில் ஒருவர் எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்தால் அன்றைக்கு யாருக்கும் கழிப்பறை போகக்கூட நேரம் இருக்காது. பகலில் கையில் போன் வைத்திருந்தால் அதற்கும் புகார் வரும். ஆகவே பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, பாயைத் துடைத்து, பொம்மைகளைக் குளோரோக்ஸ் பிளீச் கலந்த தண்ணீரில் கழுவி முடித்துத்தான் எழுதுகிறோம். கை கால் வாய்ப்புண் கிருமி கைக்குத் தடவுகிற சானிடைசருக்கு எளிதில் அடங்காது. சோப்பும் குளோரோக்ஸும்தான். அதற்கே ஒரு மணி நேரம் போய்விடும்.

என் மனதை விட்டுப் போகாத நாள் வேறு. காலை ஏழு மணி. ஒரு அம்மா மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே மகனை என் கையில் கொடுத்தார். "ராத்திரி கொஞ்சம் ஹீட்டு டீச்சர், வெயில்தானே" என்றார். பையனின் வாயில் காய்ச்சல் மருந்தின் ஸ்ட்ராபெரி வாசம். காய்ச்சல் உள்ள பிள்ளையை வீட்டில் வைத்திருங்கள் என்று அதற்கு முந்தின வாரம்தான் எழுதியிருந்தோம். பத்து மணிக்கு மருந்தின் வேகம் இறங்கியது, பையன் அனலாகக் கொதித்தான். மாலைக்குள் உள்ளங்கையில் கொப்புளம். அடுத்த வாரம் அவனோடு விளையாடிய பிள்ளைகளுக்கும் வந்தது.

அந்த அம்மாவை நான் திட்டவில்லை. மாசி, பங்குனியில் ரப்பர் மரம் இலை கொட்டி நிற்கும்போது பால் குறைந்துவிடும், சம்பளமும் குறைந்துவிடும். ஒரு நாள் லீவு போட்டால் அவருக்கு என்ன ஆகும் என்று தெரியும். நானும் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள்தான். ஆனால் அறிவிப்பு போய்ச் சேரவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். போய்ச் சேர்ந்ததும் உண்டு.

முன்னாள் டிரஸ்ஸர்

தோட்ட ஆஸ்பத்திரியில் மருத்துவ உதவியாளராகப் பல வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்கொட்டகைதான், நோட்டீஸ் எல்லாம் கிடையாது. ஒரு முறை இலை கொட்டுகிற காலத்தில் தகரக் கூரைக்குக் கீழே தொட்டிலில் கிடந்த ஒரு குழந்தையை ஆயா தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். உடம்பு காய்ந்த கட்டைபோல் இருந்தது, அழுகை இல்லை. காப்பாற்றிவிட்டோம். அது போகட்டும், இப்போது பிள்ளை வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

வானிலை இலாகா வெயிலுக்கு மூன்று எச்சரிக்கை நிலை வைத்திருக்கிறது. தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 டிகிரி இருந்தால் முதல் நிலை. 37க்கு மேல் 40வரை போனால் இரண்டாவது. 40ஐத் தாண்டினால் மூன்றாவது. நம் நாட்டில் 40 வராது என்று நினைக்க வேண்டாம். 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சூப்பிங்கில் 40.1 பதிவாகியிருக்கிறது. முதல் நிலை அறிவித்ததுமே பிள்ளைகளை வெளியே விளையாட விடுவது காலை ஒன்பது மணிக்குள் முடிந்துவிட வேண்டும். தஸ்காவில் அப்படிச் செய்கிறார்களா என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்காதீர்கள். எவ்வளவு வெயிலானாலும் பால்தான், அடிக்கடி கொடுங்கள். தஸ்காவில் விடுகிறவர்கள் கூடுதலாக ஒரு போத்தல் பால் எடுத்து வையுங்கள். பெரிய பிள்ளைகளுக்குத் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் கொடுக்க வேண்டும். நாப்கின் ஈரமாவது குறைந்தால், உச்சிக்குழி பள்ளமாகத் தெரிந்தால், அழும்போது கண்ணீர் வராவிட்டால் அன்றே கிளினிக். உடம்பு கொதித்து, பிள்ளை மயக்கமாக, கூப்பிட்டால் சரியாகப் பார்க்காமல் இருந்தால் 999. ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலில் படுக்க வைத்து, துணியைக் கழற்றி, தண்ணீரால் துடைத்து விசிறுங்கள். மயங்கிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சந்தனம் பூசுவதை நான் தடுக்கவில்லை, ஆனால் சந்தனத்தை நம்பி நேரத்தை விடாதீர்கள்.

தொட்டிலை மூடிப் போர்வை போடாதீர்கள், உள்ளே காற்று நின்றுவிடும். காரில் பிள்ளையை விட்டுவிட்டு "ரெண்டே நிமிஷம்" என்று கடைக்குள் போகாதீர்கள். பத்து நிமிடத்தில் உள்ளே ஏறக்குறைய பத்து டிகிரி கூடிவிடும், பெரியவர்களைவிடப் பிள்ளையின் உடம்பு பல மடங்கு வேகமாகச் சூடேறும். வேனில் அனுப்புகிறவர்கள், பிள்ளை வரவில்லை என்றால் தஸ்கா உடனே உங்களைக் கூப்பிடுமா என்பதைக் கேட்டு வையுங்கள். வேனில் தூங்கிப்போன பிள்ளையை யாரும் கவனிக்காமல் விட்டுவிட்டால், அந்த ஒரு போன்தான் காப்பாற்றும்.

ஆயாக்கொட்டகையில் ஆயாவுக்கும் தாய்க்கும் நடுவே காகிதம் இருந்ததில்லை. தாய் பால்வாளியோடு திரும்பும்போது ஆயா எல்லாவற்றையும் வாயாலேயே சொல்லிவிடுவார். இப்போது எல்லாம் செய்திதான், பேச்சு இல்லை.

ரெண்டாம் டிவிஷன்

டிரஸ்ஸர் ஐயா, உங்கள் மருத்துவ யோசனை எல்லாம் சரி, மகளுக்கு அனுப்பிவிட்டேன். ஆனால் ஆயாக்கொட்டகையைப் பற்றி நீங்கள் கடைசியில் சொன்னது எனக்கு ஒப்பவில்லை.

நான் அங்கே வளர்ந்தவன். ஒரு ஆயா, வரிசையாகத் தொட்டில், எல்லாருக்கும் கரைத்த டின்பால். என் தங்கை வயிற்றோட்டத்தில் நாலு நாள் கிடந்தாள். ஆயா அம்மாவிடம் வாயால் சொன்னார், ஆமாம், மூன்றாம் நாள் சொன்னார். ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்று அம்மாவால் கேட்க முடியவில்லை, ஆயா கங்காணியின் சொந்தக்காரர். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் தெரிகிறது.

1984இல் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம் வந்த பிறகுதான் நாலு பிள்ளையோ அதற்கு மேலோ வைத்தாலே சமூகநல இலாகாவில் பதிய வேண்டும் என்று ஆனது. டீச்சர் சொன்ன மூன்றுக்கு ஒருவர், ஐந்துக்கு ஒருவர் கணக்கு எல்லாம் அந்த வழியில் வந்ததுதான். காகிதம் இருந்தால் நாளைக்கு "சொன்னீர்கள், சொல்லவில்லை" என்று காட்டலாம். அந்த மாமியார் டின்னில் வைத்திருப்பது வெறும் காகிதம் இல்லை ஐயா, அத்தாட்சி. தமிழிலும் இருந்தால் போதும்.

இருமல் பையன் அம்மா

எனக்கு நடந்தது நல்ல விஷயம். இவ்வளவு வருத்தத்துக்கு நடுவே இதையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மகனுக்கு ஆஸ்துமா. எங்களுக்குப் பயம் பங்குனி வெயிலைவிட ஜூனிலிருந்து செப்டம்பர்வரை வரும் சுமத்ரா புகைமூட்டம். 2019 செப்டம்பரில் பல மாநிலங்களில் பள்ளிகளையே மூடினார்களே, அப்போது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை, ஆனால் அந்த வாசம் நினைவிருக்கிறது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடான ஐ.பி.யு. 100ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்ற காற்று, 200ஐத் தாண்டினால் மிகவும் மோசம். இது இவனைப் பெற்ற பிறகு எனக்கு மனப்பாடம்.

ஒரு நாள் காலை ஆறரைக்கு, பையனுக்குச் சட்டை போட்டுக்கொண்டிருக்கும்போது தஸ்காவிலிருந்து ஒரு குரல் பதிவு. தமிழில். "அக்கா, இன்னிக்கு ஐ.பி.யு. 100க்கு மேல போயிருக்கு, வெளிய விடமாட்டோம், ஜன்னல் சாத்தியிருப்போம். தம்பியோட இன்ஹேலரை மறக்காம குடுத்து அனுப்புங்க, பேர் எழுதி." அவ்வளவுதான். என் அம்மாவும் பக்கத்தில் இருந்தார். நான் எழுந்து தேடுவதற்குள் அவரே அலமாரியைத் திறந்து இன்ஹேலரை எடுத்துவிட்டார், யாரும் சொல்லவில்லை. அன்று மதியம் அவனுக்கு அது தேவைப்பட்டது.

பழலோரி அண்ணே, நேரம்தான் முக்கியம் என்றீர்கள். எனக்கு நேரமும் மொழியும் சேர்ந்தே வந்ததால்தான் அது வேலை செய்தது.

லயத்து மருமகள்

எல்லாருக்கும் நன்றி. டீச்சர், நீங்கள் சொன்ன அந்த அம்மாவின் நிலைமை எனக்கும் தெரிந்ததுதான், அதைப் படித்து நிறைய யோசித்தேன். குரல் பதிவு யோசனையை எங்கள் தஸ்காவில் கேட்டுவிட்டேன், சரி என்றார்கள். ஒரு சிக்கல். மாமியாரிடம் இருப்பது பட்டன் போன், புலனம் வராது. அவரைப் போன்றவர்களுக்கு உங்கள் பக்கம் என்ன செய்கிறார்கள்?

தஸ்கா டீச்சர்

எங்களிடமும் அப்படி நாலைந்து பாட்டிமார் இருக்கிறார்கள். அவர்கள் நம்பரை மட்டும் தனியாகக் கேட்டருகே உள்ள பலகையில் எழுதி வைத்திருக்கிறோம். அவசரம் என்றால் முதல் போன் அவர்களுக்குத்தான். சாதாரண அறிவிப்பு என்றால் காலையில் பிள்ளையை வாங்கும்போது ஒருவர் நின்று சொல்லிவிடுவோம். தொப்பி என்றால் தொப்பியைக் கையில் பிடித்துக் காட்டியே சொல்லுவோம். பழலோரி அண்ணன் மனைவி மாதிரி காட்டில் இருப்பவர்களுக்கு, வேலையை மேற்பார்க்கும் தண்டலின் நம்பரையும் வாங்கி வைத்தோம், ஒரு முறை உதவியது. உங்கள் தஸ்காவில் பதிவுப் பாரத்தில் இரண்டாவது தொடர்பு என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் பெரும்பாலும் அப்பாவின் பெயர்தான் இருக்கும். அதை மாற்றி மாமியாரின் பெயரையும் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள், பக்கத்தில் "தமிழில் பேசவும்" என்று போடச் சொல்லுங்கள்.