மூணு வருஷமா வேலை செய்றேன்: ‘வொர்க்ட்’டா, ‘ஹேவ் பீன் வொர்க்கிங்’கா?

கேள்வி:
இப்போது இருக்கும் வேலையைப் பற்றி விண்ணப்பத்தில் ‘ஐ வொர்க்ட் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்று எழுதியிருந்தேன். நேர்காணலில் முதல் கேள்வியே, “அந்த வேலையை ஏன் விட்டீங்க?” நான் விடவே இல்லையே! எப்படித்தான் எழுதுவது? இன்னொன்று: ‘ஐ ஹேவ் சீன் ஹிம் லாஸ்ட் வீக்’ தப்பாமே? ‘போன வாரம் பார்த்திருக்கேன்’ என்று சொல்கிறோமே.

பதில் 1:
‘வொர்க்ட்’ என்றால் முடிந்துபோன கதை. அதனால்தான் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்று எழுதுங்கள். தமிழில் ‘செய்றேன்’ என்பதால் ‘ஐ ஆம் வொர்க்கிங்’ என்று போடத் தோன்றும், அதுவும் ஆகாது. சின்ஸா, ஃபாரா என்று சந்தேகம் வந்தால் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘2022லேருந்து’ என்று வந்தால் சின்ஸ், ‘மூணு வருஷமா’ என்று வந்தால் ஃபார். இந்த வழி என்னை இதுவரை கைவிட்டதில்லை.

பதில் 2:
இரண்டாவதற்கு நான் சொல்கிறேன். நம்ம ‘பார்த்திருக்கேன்’ போன வாரம், போன வருஷம் என்று எதோடும் ஒட்டிக்கொள்ளும். ஆங்கில ‘ஹேவ் சீன்’ அப்படியில்லை. எஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2019, டூ டேஸ் அகோ என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ‘ஐ சா ஹிம்’தான். எப்போது என்று சொல்லாமல் விட்டால் ‘ஐ ஹேவ் சீன் ஹிம்’. ‘திஸ் வீக்’ என்றால் வாரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, ஹேவ் வரலாம். அமெரிக்கர்கள் ‘ஐ ஆல்ரெடி ஏட்’ என்பார்கள், பிரிட்டிஷ்காரர்கள் ‘ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்’ என்பார்கள். அதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

கேட்டவர்:
மாற்றி எழுதினேன்: ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஐ ஃபினிஷ்ட் காலேஜ். ஆல்தோ ஐ ஆம் நியூ டு டிசைன், பட் ஐ லேர்ன் ஃபாஸ்ட்.’ சின்ஸுக்குப் பிறகு ‘ஃபினிஷ்ட்’ வரலாமா?

பதில் 1:
வரலாம். படிப்பை முடித்தது ஒரு புள்ளி, வேலை அங்கிருந்து ஓடுகிறது. ஆனால் அடுத்த வரியைப் பாருங்கள். ‘புதுசா இருந்தாலும் ஆனா சீக்கிரம் கத்துப்பேன்’ என்று தமிழில் சொல்வீர்களா? ‘இருந்தாலும்’ ஒன்றே போதும். ஆல்தோ வந்தால் பட் வேண்டாம். பட் வேண்டுமென்றால் ஆல்தோவை எடுங்கள்.

கேட்டவர்:
‘பட்’டைத் தூக்கிவிட்டேன். என் பழைய மின்னஞ்சல்களைத் தேடினால் பாதியில் இந்த ஜோடி உட்கார்ந்திருக்கிறது!