ஆச்சி வீட்டுப் பிள்ளைகள் குழு: அத்தையின் கேஸ் கட்டு

சரசு அத்தை: இன்றைக்கும் வக்கீல் ஆபீசுக்குப் போய்விட்டு வந்தேன். என் கட்டு குமாஸ்தா மேஜையிலேயே சிவப்பு நாடா கட்டி இருக்கிறது. கை வைக்க விடவில்லை. பாக்கி 40,000 ரூபாயை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள் என்கிறான். மூலப்பத்திரம், பட்டா எல்லாம் அதற்குள்தான். 18ஆம் தேதி வாய்தா.

கோகுல்: நகையை அடகு பிடிப்பார்கள். கட்டையும் பிடிப்பார்களா அத்தை 😄

தண்டபாணி பெரியப்பா: கொடுத்துத் தொலை சரசு. வக்கீலோடு மல்லுக்கட்டி ஜெயித்தவன் உண்டா.

கவிதா: பெரியப்பா, அவசரப்படாதீர்கள். அத்தை, ஒரு பைசாவும் கொடுக்க வேண்டாம்.

கவிதா: கோகுல் விளையாட்டாகக் கேட்டாலும் உச்ச நீதிமன்றத்தில் 2000ஆம் ஆண்டு கேள்வியே அதுதான். போபாலில் ஒரு கூட்டுறவு வங்கியின் வக்கீல். 1993இல் வங்கி அவரை நிறுத்திவிட்டு ஃபைல்களைக் கேட்டது. 97,100 ரூபாய் ஃபீஸ் பாக்கி, அதைக் கொடுத்தால்தான் ஃபைல் என்று பில்லை நீட்டினார். கடன் பாக்கிக்குச் சரக்கைப் பிடித்து வைக்க ஒப்பந்தச் சட்டம் 171ஆம் பிரிவு சிலருக்கு அனுமதி தருகிறது. அதைத்தான் காட்டினார். நீதிபதி கே.டி. தாமஸ் அமர்வு ஒத்துக்கொள்ளவில்லை. சரக்கு என்றால் விற்கக்கூடியதாக இருக்க வேண்டும். கேஸ் கட்டை யாரிடம் போய் விற்பது?

கோகுல்: பழைய பேப்பர் கடையில்?

சித்ரா சித்தி: டேய் சும்மா இரு. கவிதா, அப்படியானால் வக்கீலுக்குப் பணம் கிடையாதா? அவரும் உழைத்திருப்பாரே.

கவிதா: உண்டு சித்தி. பாக்கி நிஜமானால் தனியாக வழக்குப் போட்டு வசூலிக்கலாம். கட்டை மட்டும் பிடித்து வைக்கக்கூடாது. கட்சிக்காரர் கேட்டும் கொடுக்காவிட்டால் அது தொழில் ஒழுங்கீனம்.

சரசு அத்தை: அந்த போபால் வக்கீலை என்ன செய்தார்கள்?

கவிதா: வக்கீல்களின் ஒழுங்கைக் கவனிக்கும் பார் கவுன்சில் 18 மாதம் தொழில் செய்யக்கூடாது என்றது, 1,000 ரூபாய் அபராதமும் போட்டது. உச்ச நீதிமன்றம் அதைக் கண்டனமாகக் குறைத்துவிட்டது. ஏனென்றால் அதுவரை சட்டம் தெளிவாக இல்லை, கட்டை நிறுத்தி வைக்கலாம் என்று பல வக்கீல்கள் உண்மையாகவே நம்பினார்கள். இப்போது அந்தச் சாக்கு செல்லாது. ஆனால் நம் குடும்பக் குழு என்பதால் சொல்கிறேன், நான் பார்த்த ஒரு சீனியர் அலமாரியிலும் இப்படி நாலு கட்டு தூங்கிக்கொண்டிருந்தது.

தண்டபாணி பெரியப்பா: நான் கோர்ட்டில் வேலை பார்த்த காலத்தில் எல்லோரும் பேசிய கேஸ் ஒன்று உண்டு. நம் தமிழ்நாடுதான். காது கேட்காத ஒரு பெரியவர், 15,000, 5,000 ரூபாய்க்கு இரண்டு புரோநோட்டு, அதாவது கடன் சீட்டு. அந்தப் பணத்தை வசூலிக்கத்தான் கேஸ். கோர்ட் ஃபீசுக்குப் பணம் வாங்கிய வக்கீல், கேஸ் போட்டாயிற்று என்று சொல்லியே ஓட்டியிருக்கிறார். போடவே இல்லை. மாநில பார் கவுன்சில் 6 வருடம் தடை போட்டது, டெல்லியில் இந்திய பார் கவுன்சில் அதை ஒரு வருடமாக்கியது. 1978இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் அதோடு விடவில்லை. அந்த வக்கீலையே ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி வேலை செய் என்றார்! உடனிருந்த நீதிபதி ஏ.பி. சென் அதற்கு ஒத்துப்போகவில்லை. எனக்கும் சென் சொன்னதுதான் சரி. ஏழை என்ன, ஏமாற்றுகிறவன் கையில் கொடுத்துப் பழக்குகிற பொம்மையா?

கவிதா: எங்கள் சட்டக் கல்லூரியில் அதைத் திருத்தும் தண்டனை என்று புகழ்ந்து பாடம் நடத்தினார்கள் பெரியப்பா 🙂 நீங்கள் கேட்பது நல்ல கேள்வி.

சரசு அத்தை: அம்மாடி, இதைப் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. என் கேஸையாவது போட்டிருக்கிறாரா? ஐந்து வருடமாக வாய்தா வாய்தா என்றுதானே கேட்கிறேன்.

கவிதா: பார்த்துவிடலாம். சம்மன் நகலோ உத்தரவு நகலோ வீட்டில் இருக்கிறதா? அதில் 16 எழுத்தில் சி.என்.ஆர். நம்பர் என்று கேஸின் அடையாள எண் இருக்கும். போட்டோ எடுத்துப் போடுங்கள். கேஸ் நிலவரம் காட்டும் ஈ-கோர்ட்ஸ் ஆப்பில் தெரிந்துவிடும்.

சரசு அத்தை: 📷 போட்டோ

சித்ரா சித்தி: அக்கா, விரல் மறைக்கிறது. இன்னொன்று எடு.

சரசு அத்தை: 📷 போட்டோ

கவிதா: கேஸ் இருக்கிறது அத்தை. பயப்படாதீர்கள். கட்டைத் திருப்பிக் கேட்டு ஒரு கடிதம் எழுதி, ஸ்பீட் போஸ்டில் ஒப்புகை கேட்டு அனுப்புங்கள். வார்த்தை மரியாதையாக இருக்கட்டும், ஃபீஸ் பற்றிச் சண்டை வேண்டாம். வேறு வக்கீல் வைக்க அவர் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போடாவிட்டாலும், கோர்ட்டில் மனுப் போட்டு அனுமதி வாங்கலாம். அதற்கும் அசையாவிட்டால் பார் கவுன்சிலில் புகார்.

கவிதா: ஒரு நிமிடம். வாய்தா 18 என்றா சொன்னார்கள்?

சரசு அத்தை: ஆமாம், குமாஸ்தாதான் சொன்னான்.

கவிதா: ஆப்பில் 12 என்று இருக்கிறது. நாளை மறுநாள்.

தண்டபாணி பெரியப்பா: சரசு, காலையில் கிளம்பி இரு. நானும் வருகிறேன்.